பம்பிள் தேனீ எவ்வளவு தூரம் போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பம்பிள் தேனீயைப் பற்றி எங்கே பேச்சு தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: அது எவ்வளவு தூரம் பறக்கும்? ஒரே ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான், ஆனால் அந்த எண் பாதி பொய்யாக இருக்கும். இரை தேடப் போகும் வேலைக்காரத் தேனீ, துணை தேடி அலையும் ஆண், கூடு வைக்க இடம் பார்க்கும் ராணி, வருஷா வருஷம் எல்லையைத் தள்ளிக்கொண்டே போகும் ஓர் இனம் என்று இங்கே நாலு கணக்கு இருக்கிறது. பலரும் ஒன்றின் எண்ணை எடுத்து இன்னொன்றில் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பம்பிள் தேனீ என்றால் அந்தப் பெரிய கறுப்பு வண்டுதானே?

இல்லை. மரக்கட்டையில் ஓட்டை போட்டுக் கூடு வைக்கிற, முதுகு பளபளவென்று இருக்கிற கறுப்பு வண்டு வேறு. பம்பிள் தேனீக்கு உடம்பு முழுக்க அடர்ந்த ரோமம் இருக்கும். கறுப்பு, மஞ்சள், சிலவற்றில் வெள்ளை அல்லது செம்பழுப்புப் பட்டைகள். உலகம் முழுக்க சுமார் 260 இனங்கள். வடக்கே குளிர்ந்த நாடுகள், இமயமலை போன்ற உயரமான இடங்கள், தென் அமெரிக்கா ஆகியவை அவற்றின் இடம். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இயல்பாகக் கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் இதைப் பிடித்துத்தான் போகும். குளிர்ந்த நாடுகளில் பம்பிள் தேனீக் கூடு ஒரு வருஷக் கூடு. வசந்தத்தில் ஒற்றை ராணி, பெரும்பாலும் எலி விட்டுப்போன வளையைப் பிடித்து, தனியாளாகத் தொடங்கும். கோடையில் அது நூறு இருநூறு பேர் கொண்ட குடும்பமாகும், சில இனங்களில் நானூறு வரைகூட. கோடை முடியும்போது ஆண்களும் புது ராணிகளும் வெளியேறும். பழைய ராணி, வேலைக்காரர்கள், ஆண்கள் எல்லாம் செத்துப்போக, கருவுற்ற புது ராணிகள் மட்டும் மண்ணுக்குள் புதைந்து குளிர்காலத்தைக் கழிக்கும்.

சரி, இரை தேட எவ்வளவு தூரம் போகும்?

பெரும்பாலும் சில நூறு மீட்டர். இதைத் தெரிந்துகொள்வதற்கே பெரிய பாடு பட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1990களில் ரேடார் வைத்துப் பார்த்தார்கள். தேனீயின் முதுகில் 12 மில்லிகிராம் எடையுள்ள, மயிரிழை போன்ற ஒரு சின்ன ஆன்டெனாவை ஒட்டினார்கள். ரேடார் அலை பட்டால் அது வேறொரு அதிர்வெண்ணில் பதில் தரும், அதனால் மரம் மட்டையிலிருந்து வரும் எதிரொலியிலிருந்து தேனீயைப் பிரித்துப் பார்க்கலாம். 1999ல் வெளியான முடிவுப்படி பாம்பஸ் டெரெஸ்ட்ரிஸ் என்ற இனத்தின் வேலைக்காரத் தேனீக்கள் சராசரியாக 275 மீட்டர் போயின, அதிகபட்சம் 631 மீட்டர். ஆனால் ரேடாருக்கே பார்வை எல்லை உண்டு, அதற்கு அப்பால் போன தேனீ கணக்கில் வராது. அதனால் இதை 'குறைந்தது இவ்வளவு' என்றுதான் படிக்க வேண்டும்.

அடுத்த வழி மரபணு. பூவில் மேயும் தேனீயைப் பிடித்து, காலின் நுனியை மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். பல இனங்களில் ராணி ஒரே ஒரு ஆணோடுதான் சேரும் என்பதால் ஒரு கூட்டின் பெண்கள் எல்லாம் உடன்பிறந்தவர்கள், மரபணுவில் அது பளிச்சென்று தெரியும். அக்காவும் தங்கையும் எவ்வளவு தள்ளித் தள்ளிச் சிக்குகிறார்கள் என்று பார்த்தால் கூட்டைக் கண்டுபிடிக்காமலே தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். இங்கிலாந்தில் இப்படிச் செய்து 2005ல் வெளியிட்ட கணக்கில் பாம்பஸ் டெரெஸ்ட்ரிஸ் 758 மீட்டர், பாம்பஸ் பாஸ்குவோரம் 449 மீட்டர் என்று வந்தது. ஒரே வயலோரத்தில் ஒரே பூவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு இனங்கள்தான், ஆனால் ஒன்றின் உலகம் மற்றதைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கிற்கும் மேல் அகலம்.

பத்து கிலோமீட்டர் என்று படித்தேனே?

அந்த எண்ணும் உண்மைதான், அது சொல்லும் விஷயம்தான் வேறு. கூட்டிலிருந்து தேனீயைப் பிடித்துக்கொண்டு போய் எங்கோ விட்டு, திரும்பி வருகிறதா என்று பார்த்த சோதனை அது. 2001ல் வெளியான அந்த ஆய்வில் 9.8 கிலோமீட்டர் தள்ளி விட்ட தேனீயும் வீடு வந்து சேர்ந்தது. பாராட்ட வேண்டிய திறமைதான், ஆனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டால் நீங்களும்தான் எப்படியாவது நடந்து வந்துவிடுவீர்கள், அதற்காகத் தினமும் பால் வாங்க அவ்வளவு தூரம் நடப்பீர்களா என்ன. பறக்க முடியும் என்பது வேறு, பறந்து போகிறது என்பது வேறு. இந்தத் தலைப்பில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காததால் வருவது.

கூட்டு வாசலிலேயே பூ இருக்கும்போது எதற்குத் தள்ளிப் போக வேண்டும்?

வாசலில் இருக்கிற பூவில் எல்லா சகோதரிகளும் விழுந்தால் யாருக்கும் மிஞ்சாது என்பது ஒரு விளக்கம். கூட்டைச் சுற்றி எப்போதும் நடமாட்டம் இருந்தால் எதிரிக்கும் ஒட்டுண்ணிக்கும் வழி காட்டியதாகிவிடும் என்பது இன்னொன்று. இரண்டையும்விட எனக்குப் பிடித்தது எளிய கணக்கு. ரேடாரில் பார்த்தபோது சராசரி வேகம் விநாடிக்கு 7 மீட்டர். அப்படியானால் அரை கிலோமீட்டர் தாண்ட ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், அவ்வளவுதான். பூவுக்குப் பூ இறங்கி நாக்கை விட்டு உறிஞ்சுவதில்தான் நேரமெல்லாம் போகிறது. தள்ளி ஒரு நல்ல இடம் இருந்தால் ஒரு நிமிஷப் பயணம் அதற்கு ஒரு செலவே இல்லை. ஒரு நடையில் தன் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான பூந்தேனைக்கூட அதனால் சுமந்து வர முடியும்.

ஆனால் சுற்றிலும் பூவே இல்லாத இடத்தில் கதை மாறும். இயற்கையான புல்வெளியும் வேலி ஓரங்களும் நிறைய உள்ள இடங்களில் தேனீக்கள் குறைந்த தூரமே போகின்றன, வெறும் வயலாக விரிந்து கிடக்கும் இடங்களில் அதிகம் போகின்றன என்று இங்கிலாந்தில் செய்த மரபணு ஆய்வு காட்டுகிறது. அதனால் 'எங்கள் பக்கம் தேனீ ரொம்ப தூரம் வருகிறது' என்பதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பசியாகவும் இருக்கலாம்.

வழி எப்படித் தெரிகிறது?

கூட்டிலிருந்து முதன்முதலாக வெளியே வரும் தேனீ நேராகப் பறந்து போய்விடாது. வெளியே வந்ததும் திரும்பி வாசலைப் பார்த்தபடி, இடதும் வலதுமாக வளைந்து வளைந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி உயரும். ஒரு கல், ஒரு புல் கொத்து, அதற்குப் பின்னால் ஒரு மரம் என்று வாசலின் முகத்தை மனப்பாடம் செய்கிறது. அப்புறம் தொலைவில் இருக்கும் அடையாளங்கள், சூரியன் இருக்கும் திசை, வானத்து ஒளியின் தளவிளைவு (ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பது) எல்லாம் துணைக்கு வரும். தரையில் நீளமாக ஓடும் பாதை, உயிர்வேலி போன்றவற்றின் ஓரத்தையும் பிடித்துக்கொள்ளும்.

2016ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தாரும் ரோதம்ஸ்டெட்டாரும் வெளியிட்ட ஆய்வில், நாலே நாலு தேனீக்களை முதல் பறப்பிலிருந்து கடைசிப் பறப்பு வரை விடாமல் ரேடாரில் தொடர்ந்திருக்கிறார்கள். மொத்தம் 244 பறப்புகள், 180 கிலோமீட்டர். ஆரம்பத்தில் சில பறப்புகளில்தான் ஊர் சுற்றல் அதிகம்; நல்ல இடம் சிக்கியதும் போக்குவரத்து நேர்கோடாகிவிடும். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஒன்று ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் அங்கேயே போய்வந்தது, இன்னொன்று எதிலும் நிலைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு பேரில் இரண்டு பேருக்கே இவ்வளவு வித்தியாசம் என்றால் 'சராசரி தேனீ' என்று ஒன்றைச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைந்துபோனது.

பூக்களுக்குள் கண்டபடி அலைகிறதா, வரிசை உண்டா?

உண்டு. பால்காரர் வீடு வீடாகப் போவதுபோல, தெரிந்த செடிகளை ஒரே வரிசையில் தினமும் பார்த்துவரும். 2012ல் வெளியான ஒரு சோதனையில் வயலில் ஐந்து செயற்கைப் பூக்களை ஐங்கோணமாக வைத்தார்கள். ஐந்து பூவுக்கு 120 வரிசைகள் சாத்தியம். தேனீக்கள் அதில் சுமார் 20 வரிசைகளை மட்டும் முயன்று பார்த்து, 26 நடை ஆவதற்குள் மிகக் குறைந்த தூரமுள்ள சுற்றைப் பிடித்துவிட்டன. தலைக்குள் வரைபடத்தை விரித்து வைத்துக் கணக்குப் போட வேண்டியதில்லை. புதுச் சுற்று முந்தையதைவிடச் சுருக்கமாக இருந்தால் அதை வைத்துக்கொள், இல்லையென்றால் பழையதற்குத் திரும்பு என்ற அளவே போதும்.

செடி அளவில் பார்க்க வேண்டுமானால் ஃபாக்ஸ்குளோவ் செடிக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காருங்கள். நீளமான தண்டில் மணி மணியாகத் தொங்கும் பூக்கள். தேனீ கீழ்ப் பூவில் நுழையும், ஒரு வினாடி பின்புறம் மட்டும் வெளியே தெரியும், பின்னாலேயே ஊர்ந்து வந்து அடுத்த மேல் பூவுக்கு ஏறும். கீழே இருக்கும் பூக்கள் வயதானவை, தேன் அதிகம், சூலகம் தயாரான நிலை. மேலே இருப்பவை இளசு, மகரந்தம் உதிர்க்கும் நிலை. மேலே போகப் போகத் தேன் குறையும். போதும் என்று தோன்றியதும் முதுகில் மகரந்தத்தோடு பறந்து அடுத்த செடியின் அடிப்பூவில் இறங்கும். செடிக்கு வேண்டியது அதுதான்.

இன்னொன்றும் கண்ணில் படும். பூவின் முன்னால் வந்து அந்தரத்தில் நின்று, உள்ளே போகாமலே சட்டென்று விலகிப் போகும். அங்கே ஏற்கெனவே இன்னொரு தேனீ வந்துபோயிருக்கிறது. காலிலிருந்து ஒட்டும் மெழுகு போன்ற பூச்சின் வாசனை பூவில் தங்கிவிடுகிறது, அது போகும்வரை 'இங்கே காலி' என்று அர்த்தம்.

பூ செழிப்பாக இருந்தால் குட்டிக் குட்டித் தாவல்கள், அடிக்கடி திருப்பங்கள். காலியாக இருந்தால் நேராக நீளமாகப் பறந்து அந்த இடத்தையே விட்டுப் போகும். நிலப்பரப்பு அளவில் நாம் பார்க்கும் தூரமெல்லாம் இந்தச் சின்ன முடிவுகள் சேர்ந்து வருவதுதான்.

சாதாரணத் தேனீ மாதிரி நடனம் ஆடி இடத்தைச் சொல்லுமா?

சொல்லாது. நல்ல இரை கிடைத்தால் கூட்டுக்குள் பரபரப்பாக ஓடி, மற்றவர்கள் மேல் மோதி, ஒரு வாசனையையும் வெளியிடும். அதனால் மற்றவர்கள் கிளம்புவார்கள், அவள் உடம்பில் ஒட்டியிருந்த பூவின் மணமும் அவர்களுக்குத் தெரியும். எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பதை ஒவ்வொருத்தியும் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

சாலை, ரயில் பாதை, மலை, கடல் இதெல்லாம் தடையா?

சாலை உடம்புக்குத் தடையில்லை, பழக்கத்துக்குத் தடை. அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியில் சாலையும் ரயில் பாதையும் வெட்டிப் பிரித்த பூங்காத் துண்டுகளில் தேனீக்களுக்கு அடையாளமிட்டுப் பார்த்தார்கள் (2003ல் வெளியான ஆய்வு). அந்தப் பக்கம் பூத்துக் குலுங்கினாலும் பெரும்பாலும் தன் புதரை விட்டுப் போகவில்லை. பிடித்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் விட்டால் சாலையைத் தாண்டிப் பழைய புதருக்கே திரும்பின.

மலையைப் பொறுத்தவரை, சீனாவின் சிச்சுவான் மலைகளில் 3,250 மீட்டர் உயரத்தில் பிடித்த பாம்பஸ் இம்பெட்டுவோசஸ் தேனீக்களைக் காற்றழுத்தம் குறைக்கும் பெட்டிக்குள் விட்டார்கள். 9,000 மீட்டருக்குச் சமமான அழுத்தத்திலும் சில பறந்தன. அவ்வளவு உயரத்தில் குளிரும் பட்டினியும் கொன்றுவிடும் என்பதால் எவரெஸ்டுக்கு மேல் தேனீ பறக்கிறது என்று யாரும் செய்தி போட வேண்டாம். இறக்கைக்கு அந்தத் தெம்பு இருக்கிறது என்பது மட்டுமே இதிலிருந்து கிடைப்பது.

கடலில் இனத்துக்கு இனம் மாறும். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பாம்பஸ் மஸ்கோரம் இனத்தைப் பார்த்தால், பத்து கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் இருந்தாலே தீவுக்குத் தீவு மரபணு பிரிந்து நிற்கிறது. பக்கத்திலேயே இருக்கும் பாம்பஸ் ஜோனெல்லஸ் அதைவிட எளிதாகத் தாண்டிவிடுகிறது.

ஆண்கள் எங்கே போகின்றன?

வெளியே போன ஆண் கூட்டுக்குத் திரும்பாது, இரவில் பூவிலேயே தொங்கித் தூங்கும். பகலில் பல இனங்களின் ஆண்கள் மரத்தடி, கிளை, இலை என்று சில இடங்களில் வாசனையைப் பூசிவிட்டு அந்த வட்டத்தில் சுற்றிச் சுற்றி வரும். சார்லஸ் டார்வின் 'டவுன் ஹவுஸ்' என்ற தன் வீட்டின் தோட்டத்தில் 1854 முதல் சில வருஷங்கள் இதைக் கவனித்திருக்கிறார். ஆண் தேனீ சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் ஒரு நொடி நின்று ரீங்கரித்துவிட்டுப் போவதைப் பார்த்து, தன் பிள்ளைகளை இடத்துக்கு ஒருவராக நிறுத்தி, 'இதோ வந்துவிட்டது!' என்று கத்தச் சொல்லி, வேலி ஓரமாக அதன் பாதையைத் தொடர்ந்தார். அடுத்த வருஷமும் புது ஆண்கள் அதே இடங்களில் வந்து நின்றது அவருக்குப் புதிராகவே இருந்தது. ரேடார் இல்லாத காலத்தில் பிள்ளைகளே ரேடார்.

மரபணுக் கணக்கில் பாம்பஸ் டெரெஸ்ட்ரிஸ் ஆண்கள் தாங்கள் பிறந்த கூட்டிலிருந்து சுமார் 2.6 முதல் 9.9 கிலோமீட்டர் வரை போகின்றன. அதே கூட்டின் சகோதரி முக்கால் கிலோமீட்டரோடு திரும்பிவிடுகிறாள். அவளுக்கு வீடு இருக்கிறது, இவனுக்கு இல்லை.

ராணி?

ராணிக்கு இரண்டு வாய்ப்பு: கோடை முடிவில் பிறந்த கூட்டை விட்டுக் கிளம்பும்போது ஒன்று, உறக்கம் கலைந்து வசந்தத்தில் கூட்டிடம் தேடும்போது இன்னொன்று. போன வருஷக் கோடையில் பிடித்த வேலைக்காரத் தேனீக்களின் மரபணுவையும் அடுத்த வசந்தத்து ராணிகளின் மரபணுவையும் ஒப்பிட்டு, 2010ல் வெளியான ஆய்வு ஒன்று இரண்டு இனங்களுக்குக் குறைந்தது 3 முதல் 5 கிலோமீட்டர் என்று சொன்னது. பின்லாந்து வளைகுடாவைக் கடந்து கூட்டம் கூட்டமாக ராணிகள் வருவதை 1980களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். நெதர்லாந்துக் கடற்கரையிலும் அப்படிப்பட்ட வசந்தகால இடப்பெயர்ச்சி பதிவாகியிருக்கிறது.

ஓர் இனமாக எவ்வளவு வேகமாகப் பரவும்?

இதில்தான் எண்கள் எகிறும். 1885ல் சிவப்பு கிளோவர் என்ற தீவனச் செடி விதை பிடிக்க வேண்டும் என்று இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்துக்குக் கொண்டுபோனார்கள், அங்கே நன்றாக ஊன்றிவிட்டது. டாஸ்மேனியாவில் 1992ல் ஹோபார்ட் நகரத்தில் பாம்பஸ் டெரெஸ்ட்ரிஸ் முதலில் தென்பட்டது. வந்து இறங்கியது ஒரு சில ராணிகளாகத்தான் இருக்கும் என்று மரபணு சொல்கிறது, ஆனாலும் வருஷத்துக்குச் சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று பரவியது. சிலியில் கண்ணாடிக் கூடாரங்களில் வளர்க்கும் தக்காளியின் மகரந்தச் சேர்க்கைக்காக 1990களின் கடைசியில் இதே இனத்தை இறக்குமதி செய்தார்கள். 2006ல் ஆண்டிஸ் மலையைத் தாண்டி அர்ஜென்டினாவில் நின்றது, வருஷத்துக்கு 200 கிலோமீட்டர் வரை போயிருக்கிறது. அது போன இடமெல்லாம் அங்கேயே பிறந்து வளர்ந்த பாம்பஸ் டால்போமி, உலகத்திலேயே மிகப் பெரிய பம்பிள் தேனீக்களில் ஒன்று, காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. வந்த தேனீயோடு வந்த ஒட்டுண்ணிகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதுதான் பரவலான சந்தேகம்.

இப்படி ஓடக்கூடியவை வெப்பம் கூடும்போதும் வடக்கே நகர்ந்து தப்பிக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 67 இனங்களின் 110 வருஷப் பதிவுகளைப் பார்த்து 2015ல் வெளியான ஆய்வு அதற்கு நேர்மாறாகச் சொன்னது. தெற்கு எல்லை சில இடங்களில் 300 கிலோமீட்டர் வரை கரைந்திருக்கிறது, வடக்கு எல்லை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒன்றிரண்டு இனங்களின் ஓட்டத்தைப் பார்த்து மற்ற எல்லாவற்றையும் அளக்கக் கூடாது.

பூச்சிமருந்து பறக்கும் தூரத்தைப் பாதிக்குமா?

பாதிக்கும். இமிடாகுளோப்ரிட் கலந்த சர்க்கரைத் தண்ணீர் குடித்த தேனீக்கள், பறத்தல் அளக்கும் சுழல்கருவியில், மற்றவை பறந்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே பறந்தன. ஆரம்பத்தில் வேகம் கூடியது, சீக்கிரம் களைத்துவிட்டன.

பூச்செடி நட வேண்டுமென்றால் எவ்வளவு தூரத்துக்குள்?

2017ல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. மூன்று இனங்களில், பிறந்த கூட்டிலிருந்து 250 முதல் 1,000 மீட்டருக்குள் நல்ல பூக்கள் உள்ள இடம் அதிகமாக இருந்தால், அந்தக் குடும்பத்து ராணிகள் அடுத்த வருஷத்தைப் பார்க்கும் வாய்ப்பு கூடியது. அதனால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு பெரிய பூங்காவைவிட, அரை கிலோமீட்டருக்கு ஒன்றாகச் சின்னச் சின்னத் துண்டுகள்தான் என் தேர்வு. எல்லாம் ஒரே மாதத்தில் பூத்து ஓய்ந்துபோகாமல் வசந்தத் தொடக்கத்திலிருந்து கோடை முடிவு வரை ஏதாவது ஒன்று பூத்திருக்க வேண்டும். சேமிப்பு என்று அதனிடம் இருப்பது சில நாள் தேன் மட்டுமே.

வசந்தத்தில் தரையில் ஒரு பெரிய பம்பிள் தேனீ அசையாமல் கிடந்தது. செத்துவிட்டதா, வழி தவறிவிட்டதா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. உறக்கத்திலிருந்து எழுந்த ராணிகளை ரேடாரில் தொடர்ந்து 2019ல் ஓர் ஆய்வு வெளியானது. அவை நேரத்தில் பெரும்பகுதியைச் சருகுக்கும் புல்லுக்கும் நடுவே சும்மா உட்கார்ந்தேதான் கழித்தன. பத்து இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து, சில விநாடிகள் பறந்து, மறுபடி இறங்கும். முன்னே சொன்ன அந்த மூன்று முதல் ஐந்து கிலோமீட்டர் எல்லாம் இப்படித்தான் துண்டு துண்டாகச் சேர்கிறது போலிருக்கிறது.

அதனால் கையில் எடுக்க வேண்டாம். மிதிபடும் இடமாக இருந்தால் ஒரு இலையில் ஏற்றிப் பக்கத்திலுள்ள பூவில் விடுங்கள். பூவே இல்லையென்றால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு சொட்டு, தேனீ மேல் படாமல், முகத்துக்கு முன்னால் வைத்தால் போதும். கொஞ்ச நேரத்தில் வயிறு வேகமாக ஏறி இறங்கும், இறக்கை அசையாமலே ஒரு நடுக்கம் தெரியும். பறக்கும் தசைகள் முப்பது டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும், அதற்குத்தான் அந்த நடுக்கம். அப்புறம் நீங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும்.